பாதி 2டி, பாதி 3டி: ஒரே ஸ்ட்ரீமில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

3டியில் எடுத்த பரதநாட்டிய நிகழ்ச்சி ஒன்று, நடுநடுவே ஒற்றைக் கேமராவில் எடுத்த பேட்டிகள், எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. ஒரு சின்ன அரங்கில் புரொஜெக்டரில் ஓடியது. ஆட்டம் நடக்கும்வரை எல்லோரும் அசையாமல் பார்த்தார்கள். முதல் பேட்டி வந்ததுமே முன்வரிசையில் ஒரு பாட்டி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார், அடுத்து பக்கத்தில் இருந்தவர், அப்புறம் அந்த வரிசை முழுவதும். எடிட்டிங் என்னுடையது. பார்க்க வந்தவர்களுக்குக் கண் வலித்தது என்பது இன்றுவரை எனக்கு உறுத்தல்தான். அன்றிலிருந்து இந்த மாதிரிக் கலப்பு வீடியோக்களில் எந்தக் கோளாறு வந்தாலும், அது எதனால் வந்தது, எப்படிப் போனது என்று எழுதி வைத்துவருகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் கீழே உள்ள இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள், மீதி எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

வீட்டிலும் சின்ன அரங்குகளிலும் அதிகம் புழங்கும் 3டி வடிவம் பாதி சைடு பை சைடு. 1920×1080 ஃப்ரேமின் இடது 960 பிக்சலில் இடக்கண்ணுக்கான படம், வலது 960 பிக்சலில் வலக்கண்ணுக்கான படம், இரண்டும் அகலத்தில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும். டிகோடருக்கு, அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கும் பகுதிக்கு, இது ஒரு சாதாரணப் படம்தான். இது 3டி என்று பிக்சல்கள் எங்கேயும் சொல்வதில்லை, வெளியிலிருந்துதான் யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் நான்கு. ஒன்று, எச்.264 என்ற சுருக்க முறையில் எழுதிய ஸ்ட்ரீமுக்குள்ளேயே இருக்கும் எஸ்இஐ செய்தி (படத்தோடு போகும் கூடுதல் குறிப்பு), அதில் இரு கண்ணின் படங்களும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் ஃப்ரேம் பேக்கிங் என்ற வகைக்கு 45 என்ற எண். இரண்டு, கோப்பின் உறை, அதாவது மட்ரோஸ்காவில் (எம்கேவி கோப்பு) ஸ்டீரியோ மோட் என்ற புலம், எம்பி4-இல் அதற்கென ஒரு பெட்டி. மூன்று, எச்டிஎம்ஐ வயரில் படத்தோடு போகும் தகவல் துணுக்கு. நான்கு, பார்ப்பவர் கையில் இருக்கும் ரிமோட்டின் 3டி பட்டன்.

ஒரே மாதிரி ஓடும் படத்தில் இந்த நான்கும் ஒத்துப்போய்விடும். நடுவில் 2டி வந்தால்தான் சிக்கல். படம் ஒன்று சொல்லும், இந்த நான்கில் ஏதாவது ஒன்று வேறு சொல்லும். அதனால் நான் வைத்திருக்கும் முதல் விதி: ஸ்ட்ரீம் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம்வரை 3டியாகவே ஓடட்டும், 2டியை ஆழமே இல்லாத 3டியாக அதற்குள் ஏற்றுங்கள். இடையில் முறை மாற்றுவது, பிளேயரும் திரையும் உங்கள் கையிலேயே இருக்கும்போது மட்டும். கீழே உள்ள கோளாறுகளில் பாதி இந்த விதியை மீறியதால் வந்தவை.

2டி வரும்போது ஒரு கண்ணில் பாதி முகம், மறு கண்ணில் மீதி முகம்

எங்கள் அரங்கில் நடந்தது இதுதான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பேட்டி கொடுப்பவரின் இடப்பாதி மட்டும் திரை முழுவதும் இழுபட்டுத் தெரிகிறதா? கண்ணை மாற்றினால் வலப்பாதியா? அப்படியானால் 2டி காட்சி நெருக்கப்படாமல் முழு ஃப்ரேமாக உள்ளே போய்விட்டது. திரை சைடு பை சைடு முறையிலேயே இருப்பதால் வந்த படத்தை நடுவில் வெட்டி ஆளுக்கொரு பாதி கொடுக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு படம். மூளை அவற்றைச் சேர்க்கப் பார்த்து முடியாமல் திணறும், அதுதான் வலி.

சரிசெய்வது எளிது. எடிட்டிங் டைம்லைனில் அந்த 2டி துணுக்கை அகலத்தில் மட்டும் 50 சதவீதமாக்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை இடப்பாதியிலும் இன்னொன்றை வலப்பாதியிலும் வையுங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் படத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 960×1080 ஆக்கி, பக்கவாட்டில் அடுக்கினால் போதும். டைட்டில் அட்டை, நன்றி அட்டை, ஸ்பான்சர் லோகோ, கறுப்புத் திரையில் வரும் ஒரே ஒரு வரி, எல்லாவற்றுக்கும் இதே வேலை. லோகோவை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் அது கடைசி நேரத்தில் வரும்.

2டி சரியாக வருகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

மேலே சொன்னபடி செய்தால் 2டி காட்சியும் கிடைமட்டத்தில் பாதித் தெளிவை இழக்கும், கண் ஒன்றுக்கு 960 பிக்சல்தான். பேட்டிக்கு இது பெரிதாகத் தெரியாது. பழைய புகைப்படம், கையெழுத்துப் பிரதி, வரைபடம் போன்றவற்றைக் காட்டினால் உடனே தெரியும்.

திரை ஏற்றுக்கொள்ளுமானால் மேல்-கீழ் அடுக்குக்கு மாறலாம், அதில் அகலம் முழுதாக இருக்கும், உயரம்தான் பாதியாகும். கிடைவரி எழுத்துக்கு அது இன்னும் மோசம், செங்குத்துக் கோடுகள் நிறைந்த கட்டடப் படத்துக்கு நல்லது. ஆனால் இன்டர்லேஸ் வீடியோவை மேல்-கீழாக அடுக்காதீர்கள். ஏற்கெனவே வரி விட்டு வரி வரும் படத்தில் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது மிகக் குறைவு. எச்டிஎம்ஐ 1.4ஏ கட்டாயமாக்கிய ஒளிபரப்பு வடிவங்களிலும் 1080ஐ-க்கு (இன்டர்லேஸ்) சைடு பை சைடு, 720பி-க்கு (எல்லா வரியும் ஒன்றாக வருவது) மேல்-கீழ் என்றுதான் பிரித்திருந்தார்கள்.

கணினியிலிருந்து நேராக ஓட்டுவதாக இருந்தால் 3840×1080 முழு சைடு பை சைடு சிறந்தது, 2டி பகுதி துளிகூடத் தெளிவு இழக்காது. இரண்டு பாதியும் ஒன்றாக இருந்தும் பிட்ரேட் (நொடிக்கு ஆகும் தரவின் அளவு) இரண்டு மடங்காகுமா என்று கேட்பார்கள். ஆமாம், கிட்டத்தட்ட ஆகும். வலப்பாதி இடப்பாதியின் பிரதி என்பதைச் சாதாரண எச்.264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) கண்டுகொள்ளாது. முந்தைய ஃப்ரேமில், பக்கத்து இடங்களில்தான் அது ஒற்றுமை தேடும், 1920 பிக்சல் தள்ளித் தேடாது. புளூ-ரே 3டி பயன்படுத்தும் எம்விசி முறையில் இந்தக் குறை இல்லை. அங்கே இரண்டாம் கண்ணின் படம் முதல் கண்ணின் படத்திலிருந்தே கணிக்கப்படுகிறது, 2டி காட்சியில் இரண்டும் ஒன்றே என்பதால் இரண்டாம் அடுக்கு ஏறக்குறைய வெற்றாகப் போகும். 2டியையும் 3டியையும் கலக்க அதைவிட அழகான வழி இல்லை, கருவிகள்தான் எளிதில் கிடைப்பதில்லை.

காட்சி மாறும்போது திரை ஒரு நொடி கறுப்பாகிறது, பேச்சின் முதல் சொல் காணாமல் போகிறது

பிளேயர் 2டி, 3டி என்று மாறி மாறி எச்டிஎம்ஐ-யில் அறிவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எச்டிஎம்ஐ-யிலும் ஃப்ரேம் பேக்கிங் என்றே பெயர் கொண்ட முறை ஒன்று உண்டு, இரு கண்ணின் முழுப் படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்புவது; அதில் ஓடினால் இது தவிர்க்கவே முடியாது. அந்த முறையில் 1080 வரி, இடைவெளியாக 45 வரி, மறுபடி 1080 வரி என்று ஒரு ஃப்ரேம் 1920×2205 ஆகப் போகிறது, 2டிக்குத் திரும்பும்போது 1920×1080. வயரில் போகும் சிக்னலின் அளவே மாறுவதால் டிவி புதிதாகப் பிடித்து நிற்க வேண்டும், அதுவரை படமும் இல்லை, ஒலியும் இல்லை. பாதி சைடு பை சைடில் சிக்னல் அளவு மாறாது, கூடப் போகும் குறிப்பு மட்டும்தான் மாறும், ஆனாலும் பல திரைகள் உள்ளே முறை மாறும்போது ஒன்றிரண்டு விநாடி இருண்டுவிடும். மூலையில் '3டி' என்று ஒரு பெட்டியும் எட்டிப் பார்க்கும்.

மருந்து முதல் விதிதான், 2டியையும் 3டியாகவே அனுப்புங்கள். முறை மாற்றியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. 40 நிமிடம் 2டி, அதில் 5 நிமிடம் மட்டும் 3டி என்றால், அந்த 5 நிமிடத்துக்காக 40 நிமிடத்தின் தெளிவைப் பாதியாக்குவது நியாயம் இல்லை. அப்போது மாறும் இடத்தில் ஒலியில்லாத கறுப்பு 3 விநாடி வையுங்கள், அதற்கு முன் "கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு அட்டை. டிவி தடுமாறுவது கறுப்புக்குள் மறைந்துபோகும்.

திரை தானாக 3டிக்கு மாறவே இல்லை, அல்லது மாறியது திரும்பவில்லை

கண்ணாடியோடு பார்த்தாலும் இரண்டு ஒல்லி மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால் குறிப்பு எங்கோ தொலைந்திருக்கிறது. எங்கே என்று தேடும் வரிசை முக்கியம், ஸ்ட்ரீமிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் என்ற சோதனைக் கருவியை வைத்து ஃப்ரேம்களைப் பாருங்கள், பக்கத் தகவலில் ஸ்டீரியோ 3டி என்று வர வேண்டும். வராவிட்டால் எஸ்இஐ எழுதப்படவில்லை. எக்ஸ்264 என்ற எச்.264 என்கோடரில் ஃப்ரேம் பேக்கிங் என்ற அமைப்புக்கு எண் கொடுக்க வேண்டும்: சைடு பை சைடு 3, மேல்-கீழ் 4, ஃப்ரேம் மாற்றி ஃப்ரேம் 5. அப்புறம் 6 என்று ஒன்று இருக்கிறது, நம் விஷயத்துக்கு அதுதான் உயிர். "இந்த ஃப்ரேம் முழு 2டி, எதுவும் அடுக்கப்படவில்லை" என்று அறிவிக்கும் எண் அது. 2டியும் 3டியும் கலந்து வரும் சேவைகளுக்காகவே தரநிலையில் சேர்க்கப்பட்டது.

பலர் செய்யும் பிழை, 3டி பகுதிக்கு 3 என்று எழுதிவிட்டு 2டி பகுதிக்கு எதையும் எழுதாமல் விடுவது. முன்பு சொன்ன செய்தி, வேறு செய்தி வரும்வரை தொடரலாம் என்பது தரநிலையில் இருக்கும் ஏற்பாடு. நீங்கள் 2டிக்கு மாறிவிட்டீர்கள், டிகோடர் இன்னும் 3லேயே இருக்கிறது. ஒன்று 6 அனுப்புங்கள், இல்லையென்றால் பழைய செய்தியை ரத்து செய்யும் கொடியை (ஃபிளாக்) அனுப்புங்கள். மாறும் இடத்தில் ஒரு கீஃப்ரேமையும் (மற்ற ஃப்ரேம்களைச் சாராமல் தனியே நிற்கும் முழு ஃப்ரேம்) கட்டாயப்படுத்துங்கள், நடுவிலிருந்து பார்க்கத் தொடங்குபவருக்கு அது இல்லாமல் சரியான முறை கிடைக்காது.

எஃப்எஃப்எம்பெக் வழியாக எக்ஸ்264 ஓடும்போது ஒரு நல்ல வசதி உண்டு. ஃப்ரேமோடு ஒட்டிவரும் ஸ்டீரியோ தகவல் நடுவில் மாறினால் என்கோடர் அந்த எண்ணைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் வலக்கண் படம் முதலில் இருக்கும் தலைகீழ் வரிசை என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டு 3டி குறிப்பையே விட்டுவிடும். அந்த வரி லாகில் வேகமாக ஓடி மறைந்துவிடும், நான் ஒரு மாலை முழுவதும் டிவியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஜிஸ்ட்ரீமர் என்ற வீடியோ மென்பொருள் கட்டமைப்பில் வேலை செய்பவர்களுக்கு இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. மல்டிவியூ முறையோடு 'மிக்ஸ்டு மோனோ' என்ற கொடியை வைத்தால், ஸ்ட்ரீமில் 2டியும் 3டியும் கலந்து வரும் என்று அடுத்தடுத்த எலிமென்ட்களுக்கு (வேலைப் படிகளுக்கு) தெரியும், எந்த ஃப்ரேம் எது என்பதை ஒவ்வொரு பஃபரிலும் (ஃப்ரேமைச் சுமந்துவரும் தரவுத் துண்டு) உள்ள கொடி சொல்லும். இதை வைக்க மறந்தால் எல்லா ஃப்ரேமும் 3டி என்றே எடுத்துக்கொள்ளப்படும், முதல் தலைப்பில் சொன்ன பாதி முகம் அப்படியே திரும்ப வரும்.

எஸ்இஐ ஸ்ட்ரீமில் இருக்கிறது, ஆனாலும் மாறவில்லை என்றால் கோப்பின் உறையைப் பாருங்கள். உறையில் எழுதும் ஸ்டீரியோ மோட் முழு டிராக்குக்கும் ஒன்றுதான், நடு வழியில் மாற்ற முடியாது. அதில் ஒன்று, ஸ்ட்ரீமில் ஒன்று என்று இருந்தால் எதை நம்புவது என்பதை ஒவ்வொரு பிளேயரும் தன் இஷ்டப்படி முடிவு செய்யும். வீடியோ தளத்தில் ஏற்றினால் அவர்கள் மறுபடி என்கோடு செய்யும்போது எஸ்இஐ போய்விடலாம், அங்கே எண் 6-ஐ நம்பி வேலை செய்ய முடியாது. இந்த இடத்திலும் முதல் விதிதான் காப்பாற்றும்.

எழுத்து இரண்டாகப் பிளந்து திரையின் இரு ஓரத்தில் நிற்கிறது

பேக் செய்த ஃப்ரேமின் மேல், அதாவது இரு கண்ணின் படங்களையும் அடுக்கி முடித்த ஃப்ரேமின் மேல், நேராக எழுத்தைப் போட்டால் இது வரும். கீழே நடுவில் 'வணக்கம்' என்று ஒரு பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பாதியில் விழுவது 'வண', வலப்பாதியில் விழுவது 'க்கம்'. டிவி பிரித்து விரித்ததும் இடக்கண்ணுக்குத் திரையின் வலது ஓரத்தில் இரண்டு மடங்கு அகலமான 'வண', வலக்கண்ணுக்கு இடது ஓரத்தில் 'க்கம்'. படிக்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

பெயர்ப் பட்டிகளை ஒவ்வொரு கண்ணின் படத்திலும் தனித்தனியே போட்டுவிட்டு அப்புறம் பேக் செய்யுங்கள். தனிக் கோப்பாக வரும் சப்டைட்டிலுக்கு ஏஎஸ்எஸ் வடிவம் கைகொடுக்கும். 1920×1080 அளவில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை எழுதுங்கள், எழுத்தின் கிடை அளவு 50 சதவீதம், ஒன்றின் நடுப்புள்ளி 480, மற்றதன் நடுப்புள்ளி 1440. இப்போது எழுத்து திரையின் தளத்திலேயே நிற்கும்.

2டி காட்சிக்கு அது போதும். 3டி காட்சியில் போதாது. ஆடுபவர் கையை முன்னால் நீட்டுகிறார், கை திரைக்கு வெளியே வந்து நிற்கிறது, ஆனால் திரைத் தளத்தில் இருக்கும் எழுத்து அந்தக் கையை மறைக்கிறது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை மறைப்பதை மூளை ஏற்காது. 480-ஐ 484 ஆக்கி, 1440-ஐ 1436 ஆக்கிப் பாருங்கள். நெருக்கப்பட்ட படத்தில் 4 பிக்சல் என்பது விரித்தபின் 8, இரண்டு கண்ணும் சேர்ந்து 16 பிக்சல். 55 அங்குல டிவியில் அது ஏறக்குறைய 1 செ.மீ., இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து சுமார் ஒரு அடி முன்னால் வந்து நிற்கும். 2டி காட்சிக்குத் திரும்பும்போது மறுபடி 480, 1440. பாதி வசனத்தில் மாற்றாதீர்கள், வரி முடிந்ததும் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்டு வரும் இடத்தில் கண் வலிக்கிறது

எஸ்இஐ, எச்டிஎம்ஐ எதுவும் காரணம் இல்லை, ஆழத்தில் நடக்கும் திடீர்க் குதிப்புதான் காரணம். இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம், பல 3டி நிகழ்ச்சிகளை மக்கள் வெறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2டி காட்சி முழுவதும் திரைத் தளத்தில் தட்டையாக நிற்கிறது. பார்ப்பவரின் கண் அங்கே நிலைத்துப் பழகியிருக்கிறது. சட்டென்று அடுத்த ஃப்ரேமில் ஒரு கை முகத்துக்கு முன் வருகிறது. கண் உள்நோக்கித் திரும்பிப் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அதுவரை இரண்டு கை தெரியும்.

நான் செய்வது இது. 3டி காட்சியின் முதல் ஃப்ரேமில் முக்கியமான பொருளைத் திரைத் தளத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன், அதாவது இரண்டு கண்ணின் படத்தையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்தி அந்தப் பொருள் இரண்டிலும் ஒரே இடத்தில் விழும்படி. பின்பு 15 முதல் 20 ஃப்ரேமுக்குள் அதன் உண்மையான ஆழத்துக்கு மெல்ல விடுவேன். பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 3டியிலிருந்து 2டிக்குப் போகும்போதும் இதையே திருப்பிச் செய்யலாம், அங்கே சற்று வேகமாகப் போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, 2டி காட்சியைத் திரைத் தளத்திலேயே வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இடக்கண் பிரதியை இடப்பக்கமும் வலக்கண் பிரதியை வலப்பக்கமும் சில பிக்சல் நகர்த்தினால் முழுப் படமும் திரைக்குச் சற்றுப் பின்னால் போய் ஜன்னலுக்கு வெளியே தெரிவது போல அமரும். முன்பின் 3டி காட்சிகளோடு நன்றாகப் பொருந்தும். ஓரத்தில் வரும் வெற்றுப் பட்டையை மறைக்கப் படத்தை ஒன்றிரண்டு சதவீதம் பெரிதாக்குங்கள்.

எவ்வளவு நகர்த்தலாம் என்பது திரையின் அகலத்தைப் பொறுத்தது, இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள். பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 முதல் 65 மி.மீ. இருக்கும், குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. பின்னோக்கிய விலகல் திரையில் இதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், அது மனிதக் கண்ணால் வசதியாகச் செய்ய முடிந்த வேலை இல்லை. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ., அதில் 65 மி.மீ. என்பது 1920-க்கு ஏறத்தாழ 102 பிக்சல். அதே கோப்பை 10 மீட்டர் அகலத் திரையில் போட்டால் 65 மி.மீ. என்பது வெறும் 12 பிக்சல். வீட்டு டிவியில் 30 பிக்சல் பின்னால் தள்ளிவைத்து அழகாக இருக்கிறதே என்று அரங்குக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லோருக்கும் தலைவலி. எங்கே ஓடப்போகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஓரத்தில் மெல்லிய கோடு மினுமினுக்கிறது

ஒரு கண்ணின் படத்தின் ஓரம் மறு கண்ணின் படத்துக்குள் கசிகிறது. பேக் செய்தபின் அளவு மாற்றியிருப்பீர்கள், நடுக்கோட்டின் இருபுறப் பிக்சல்களும் கலந்துவிட்டன. அளவு மாற்றுவது, கூர்மையாக்குவது, நாய்ஸ் எடுப்பது எல்லாம் பேக் செய்வதற்கு முன்பே, தனித்தனிக் கண்ணில் முடித்துவிட வேண்டும்.

அப்படியும் கசிந்தால் என்கோடர் காரணமாக இருக்கலாம். எச்.264 படத்தை 16×16 கட்டங்களாக வெட்டுகிறது. சைடு பை சைடில் நடுக்கோடு 960-இல் விழுகிறது, அது 16-ஆல் மீதியில்லாமல் வகுபடும், கோடு இரண்டு கட்டங்களுக்கு நடுவே சரியாக நிற்கும். மேல்-கீழில் நடுக்கோடு 540, அது வகுபடாது, ஒரே கட்டத்துக்குள் மேல்படத்தின் அடியும் கீழ்ப்படத்தின் தலையும் சேர்ந்து உட்காரும். பிட்ரேட் குறைந்தால் அந்தக் கட்டம்தான் முதலில் குழம்பும். பிட்ரேட்டை ஏற்றுங்கள், அல்லது ஒவ்வொரு கண்ணின் ஓரத்திலும் ஒன்றிரண்டு வரி கறுப்பு விடுங்கள்.

3டி பகுதி மட்டும் பட்டையாக நீள்கிறது

பிக்சல் விகிதம் (ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) தவறு. 3டி துணுக்கில் பிக்சல் 2:1 என்றும் 2டி துணுக்கில் 1:1 என்றும் எழுதியிருக்கும். கடைசி வெளியீட்டில் எல்லாம் 1:1 என்று கட்டாயப்படுத்துங்கள், பெரும்பாலான டிவிகள் பாதி சைடு பை சைடை அப்படித்தான் எதிர்பார்க்கின்றன.

இணைத்த இடத்தில் பச்சைக் கட்டம், உறைந்த படம்

2டி, 3டி துணுக்குகளைத் தனித்தனியாக என்கோடு செய்து, மறு என்கோடு இல்லாமல் ஒட்டியிருப்பீர்கள். எம்பி4-இல் வழக்கமாக டிகோடருக்கான அமைப்புகள் தலைப்பகுதியில் ஒரே முறை எழுதப்படும். முதல் துணுக்கின் அமைப்போடு இரண்டாம் துணுக்கைப் படித்தால் இப்படித்தான் ஆகும். நேரம் ஆனாலும் முழுவதையும் ஒரே தடவையில் என்கோடு செய்யுங்கள். ஃப்ரேம் ரேட்டையும் பாருங்கள், 3டி 24, பேட்டி 25 அல்லது 30 என்று இருந்தால் டைம்லைனிலேயே ஒன்றாக்கிவிட வேண்டும்.

நகலெடுத்தபின் எல்லாமே 2டி ஆகிவிட்டது

புளூ-ரே 3டியில் இரண்டாம் கண்ணின் ஸ்ட்ரீம் தனியாக இருக்கிறது, முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அது வராது. ஐஃபோன் 15 புரோ முதல் வந்த ஸ்பேஷியல் வீடியோவிலும் இதே கதைதான். அது எம்வி-எச்இவிசி, அதாவது எச்இவிசி சுருக்க முறையின் பல-பார்வை வடிவம், அடித்தள அடுக்கில் ஒரு கண், மேல் அடுக்கில் மறு கண். பழைய கருவிகள் அடித்தளத்தை மட்டும் படித்து 2டியாகக் காட்டும், பிழை என்று எதுவும் சொல்லாது. எஃப்எஃப்எம்பெக் 7.1 பதிப்பிலிருந்து இதைப் படிக்கிறது, ஆனால் எல்லாப் பார்வையும் வேண்டும் என்று நீங்கள் கேட்டால்தான் இரண்டாவதைத் தரும். முதலில் இரண்டு கண்ணையும் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் மற்ற துணுக்குகளோடு சேருங்கள்.

2டி நன்றாக இருக்கிறது, 3டியில் மட்டும் அருகில் இருப்பது தூரத்தில் போகிறது

இடமும் வலமும் மாறிவிட்டன. ஆடுபவரின் முகம் பின்னால் குழிந்து, பின்திரை முன்னால் வந்து நிற்கும். சிலருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, "ஏதோ சரியில்லை" என்பார்கள். கலப்பு ஸ்ட்ரீமில் இது ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் 2டி பகுதியில் இரண்டு கண்ணும் ஒன்றே, மாறினாலும் தெரியாது. முதல் 5 நிமிடம் 2டியாக இருந்து, அதை மட்டும் பார்த்துவிட்டு சரி என்று அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். வெவ்வேறு ஆட்கள் கொடுத்த துணுக்குகளில் ஒன்று இடக்கண் முதல், ஒன்று வலக்கண் முதல் என்று வருவதும் சகஜம், அதனால் ஒரு துணுக்கைச் சோதித்து மீதியை நம்பாதீர்கள்.

ஃப்ரேம் மாற்றி ஃப்ரேம் கண் மாறும் முறையில் ஒரே ஒரு ஃப்ரேம் தவறினாலும் அங்கிருந்து இடம் வலம் மாறிவிடும், 2டி பகுதி முடிந்து 3டி வரும்போதுதான் அது தெரியும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஃப்ரேம் வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நான் ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் 20 விநாடிச் சோதனைத் துண்டு ஒன்று சேர்த்து அனுப்புகிறேன். இடக்கண்ணில் மட்டும் 'இ' என்ற எழுத்து, வலக்கண்ணில் மட்டும் 'வ', அப்புறம் ஒரு தட்டை 2டி படம், அப்புறம் தெளிவாக முன்னால் நீளும் ஒரு கை. கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணாக மூடினால் எழுத்து சொல்லிவிடும், 2டியிலிருந்து கைக்கு மாறும்போது திரை இருள்கிறதா, கண் இழுக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஓட்டப்போகும் அதே கணினி, அதே வயர், அதே புரொஜெக்டரில், அரங்கு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுப் பாருங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறை, கடைசி வரிசையில் ஒருமுறை.